பழைய இதழ்களுக்குச் சாவி செய்த மாணவர்

கல்லூரிக் கட்டுரைக்காக நூலகத் தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், நூறு ஆண்டுக்கு முந்தைய இதழ்க் கட்டுரைகூட நொடியில் வந்து நிற்கிறது. இந்த வசதிக்கு விதை போட்டவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவர்தான். பெயர் வில்லியம் பிரெடரிக் பூல்.

1840களில் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் படித்துக்கொண்டே, அங்கிருந்த மாணவர் சங்க நூலகத்தில் பூல் வேலை பார்த்தார். மாணவர்கள் தேடிய தகவல்கள் அலமாரியில் இருந்த பழைய இதழ்களிலேயே இருந்தன. ஆனால் எது எந்தத் தொகுதியில் என்று யாருக்கும் தெரியாது. நூலகப் பட்டியல் இதழின் பெயரைச் சொல்லுமே தவிர, உள்ளே உள்ள கட்டுரைகளைச் சொல்லாது.

பூல் உட்கார்ந்து, கட்டுரைகளைப் பொருள்வாரியாக அகர வரிசையில் எழுதினார். 1848ல் அது 154 பக்க நூலாக வந்தது. 1853ல் விரிவான பதிப்பு. அதற்குப் பிறகு இதழ்கள் பெருகிவிட, தனி ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. 1876ல் பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்தபோது கூட்டு முயற்சி முடிவானது. பல நூலகங்கள் இதழ்களைப் பங்கு போட்டுக்கொண்டு குறிப்பெடுத்து அனுப்பின. 1802 முதல் 1881 வரையிலான கட்டுரைகளுக்கான பெரும் அட்டவணை 1882ல் வெளிவந்தது.

மருத்துவத் துறையில் இதே வேலையை ஜான் ஷா பில்லிங்ஸ் 1879ல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' மூலம் தொடங்கினார். 1964ல் அது கணினிக்கு மாறியது. 1971ல் மெட்லைன் வந்தது. 1997ல் பப்மெட் வழியாக எல்லோருக்கும் இலவசமானது.

கணினி தந்தது வேகம். ஆனால் 'இந்தக் கட்டுரை எதைப் பற்றியது' என்று தீர்மானித்துத் தலைப்பு இடும் முறை பூல் காலத்து வேலையின் தொடர்ச்சிதான். பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினாலும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற தலைப்பில் உள்ளவையும் வருவது, இரண்டும் ஒன்றே என்று பட்டியலில் முன்பே இணைத்து வைத்திருப்பதால்தான். எனவே நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால், அதற்கு இட்டிருக்கும் பொருள் தலைப்புகளைப் பார்த்து அவற்றைக் கொண்டு மறுபடி தேடுங்கள்.

இன்னொன்று நண்பர்களே. தேடலில் எதுவும் வரவில்லை என்றால், யாரும் எழுதவில்லை என்று அர்த்தமல்ல. அந்தத் தரவுத்தளத்தில் யாரும் அதைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம். பூல் வருவதற்கு முன் யேல் அலமாரியில் இருந்த இதழ்களின் கதையும் அதுதானே!