தீயில் போன தாள்கள், பரணில் கிடக்கும் படங்கள்

1945 ஆகஸ்ட் 15. பகல் 12 மணிக்கு ஜப்பானியச் சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் ஒலித்தது. போர் முடிந்துவிட்டது என்று அந்நாட்டு மக்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் டோக்கியோவின் இச்சிகாயாவில் இருந்த ராணுவத் தலைமையகத்தில் முந்தைய நாளே நெருப்பு மூட்டியாகிவிட்டது. கோப்புகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். தொலைவில் உள்ள முகாம்களுக்கும், கிராம அலுவலகங்கள் வரைக்கும்கூட, எரிக்கச் சொல்லி உத்தரவு போனது. அமெரிக்கர்களின் முதல் அணி அத்சுகி விமானதளத்தில் வந்து இறங்கியது ஆகஸ்ட் 28-ல்தான். இரண்டு வாரம் கிடைத்தது எரிப்பதற்கு.

ஜப்பானுக்கு அன்று தனி விமானப்படை கிடையாது. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று என இரு பிரிவுகள் தனித்தனியே பறந்தன, தனித்தனியே கணக்கு எழுதின, தனித்தனியே எரித்தன. எந்த நாளில் எத்தனை விமானங்கள் கிளம்பின, ஓட்டியவர் யார், திரும்பாதவர் யார் என்ற அன்றாடக் கணக்குகள் ஏராளமாக அந்தத் தீயில் போயின.

ஜெர்மனியிலும் இதே கதைதான். ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேயின் ஆவணங்களில் பெரும்பகுதியை அவர்களே போரின் கடைசி வாரங்களில் அழித்தார்கள். தப்பியவற்றுள் ஆராய்ச்சியாளர்கள் பொன்போல் போற்றுவது, குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் அலுவலகம் வைத்திருந்த இழப்புப் பட்டியல். விமானத்தின் ரகம், தொழிற்சாலை எண், சேதம் எத்தனை சதவீதம், ஓட்டியவர் பிழைத்தாரா என்று வரிவரியாக இருக்கும். 1943-ன் முடிவு வரை அது ஓரளவு முழுமையாகக் கிடைக்கிறது. 1944-க்கு உரியதில் சில துண்டுகள்தான் மிச்சம். அமெரிக்காவின் மஸ்டாங் விமானங்கள் பெர்லின் வரை வந்து ஜெர்மன் வேட்டை விமானப் பிரிவுகளை நொறுக்கிய ஆண்டு அது. நார்மண்டியில் நேசநாட்டுப் படைகள் தரையிறங்கிய ஆண்டு. எது மிகவும் தேவையோ அதுவே இல்லை. அந்தப் பட்டியலின் ஒரு பிரதி ஏதாவதொரு கிடங்கில், தப்பான பெயர் எழுதிய பெட்டிக்குள் கிடக்காதா என்பது இத்துறையினரின் நெடுநாள் ஏக்கம்.

எல்லாமே வேண்டுமென்று எரித்தவை அல்ல. 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த பதிவேட்டுக் கிடங்கின்மேல் ஜெர்மன் குண்டு விழுந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகப் போரிட்ட சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் அங்கே சாம்பலாயின. 1945 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் போட்ஸ்டாம் நகரைத் தாக்கின. அங்கிருந்த ராணுவ ஆவணக்காப்பகம் எரிந்தது. முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானப் பிரிவுகளைப் பற்றிய தாள்களில் பெரும்பகுதியும் அதனுடன் போனது. மியூனிக்கில் தனியாக வைத்திருந்ததால் பவேரியப் படைகளின் தாள்கள் பிழைத்தன. பிரிட்டிஷ் தரப்பில் பறந்த, வங்காளத்தைச் சேர்ந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து விமானங்களை வீழ்த்தி, 19 வயதில் பிரான்சின் வானில் உயிர்விட்டவர். அவருடைய கதையை பிரிட்டிஷ் ஏடுகளிலிருந்து எழுதலாம். எதிரே பறந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று சரிபார்க்கப் போனால் போட்ஸ்டாமின் சாம்பல் குறுக்கே நிற்கிறது.

தாள்கள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? பிழைத்து வந்தவர்களில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவர் சொல்வதே வரலாறாகிவிடும். இதற்கு மிட்வே போரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1942 ஜூன் 4. பசிபிக் பெருங்கடலில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் ஒரே நாளில் அழிவைச் சந்தித்தன. பேர்ள் ஹார்பர் தாக்குதலைத் தலைமை தாங்கி நடத்திய மித்சுவோ ஃபுச்சிடா அன்று அவற்றுள் ஒன்றான அகாகி கப்பலில் இருந்தார். குடல்வால் அறுவை செய்திருந்ததால் பறக்கவில்லை. போருக்குப் பின் அவர் எழுதிய நூல் 1951-ல் ஜப்பானிய மொழியிலும் 1955-ல் ஆங்கிலத்திலும் வந்தது. காலை 10.20 மணிக்கு அகாகியின் மேல்தளத்தில் தாக்குதல் விமானங்கள் கிளம்பத் தயாராக நின்றன, ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாம் பறந்திருக்கும், அதற்குள் அமெரிக்கக் குண்டுகள் விழுந்துவிட்டன என்றார் அவர். ஐந்து நிமிடத்தில் தலைவிதி மாறியது என்ற கதையை உலகமே ஏற்றது. ஐம்பது ஆண்டுகள் புத்தகங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின.

அந்தக் கதையைக் கவிழ்த்தது ஒரு படிவம். 'கோதோ சோஷோ' என்பது ஜப்பானியக் கடற்படை விமானப் பிரிவுகளின் நடவடிக்கைக் குறிப்பேடு. கட்டம் போட்ட தாளில் விமானியின் பெயர், பதவி, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், செலவான தோட்டா, விமானத்தின் நிலை. அவ்வளவுதான். வீரம், வருத்தம் எதுவும் அதில் இருக்காது. மிட்வேயில் கப்பல்கள் மூழ்கினாலும் அவற்றின் குறிப்பேடுகள் தப்பின. இன்று டோக்கியோவில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. ஜோனதன் பார்ஷல், அந்தோணி டல்லி என்ற இரு அமெரிக்கர்கள் அவற்றை வைத்து அன்றைய காலையை நிமிடக் கணக்கில் அடுக்கிப் பார்த்தார்கள். 10 மணிக்குப் பிறகும் காவல் பறந்த ஜீரோ விமானங்கள் அந்தத் தளங்களில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்திருக்கின்றன. இறங்கும் தளத்தில் குண்டு ஏந்திய விமானங்களை வரிசைகட்டி நிறுத்த முடியாது. கீழிருந்து லிஃப்டில் ஏற்றி, வரிசைப்படுத்தி, எஞ்சினைச் சூடாக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அந்த விமானங்கள் 10.20-க்குக் கீழ்த்தளத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அன்று காலை எட்டு மணியளவில் அமெரிக்க பி-17 விமானங்கள் உயரத்திலிருந்து எடுத்த படங்களிலும் மேல்தளங்களில் தாக்குதல் விமானங்கள் இல்லை. 2005-ல் வந்த இவர்களின் நூல் ஃபுச்சிடாவின் ஐந்து நிமிடத்துக்கு முடிவு கட்டியது.

இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியர்களே 102 தொகுதிகளில் அதிகாரபூர்வப் போர் வரலாறு எழுதியிருக்கிறார்கள். மிட்வே பற்றிய தொகுதி 1971-ல் வெளிவந்தது. ஃபுச்சிடா சொல்வது பொருந்தாது என்பது அதிலேயே இருந்தது. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த மேலைநாட்டு ஆய்வாளர்கள் குறைவு என்பதால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய கதையே ஓடியது. கண்டெடுக்கப்படாத ஆவணம் என்றால் புதைந்து கிடப்பது மட்டும்தான் என்று நினைக்கிறோம். அலமாரியில் வரிசையாக நின்றும் யாரும் புரட்டாத தாளும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

அதே குறிப்பேடுகள் நமக்கு மிக அருகே நடந்த ஒரு போரையும் பேசுகின்றன. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஃபுச்சிடாவின் தலைமையில் ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குதிரைப் பந்தயத் திடலில் போட்ட அவசர ஓடுதளத்திலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் பிரிட்டிஷாரின் ஹரிகேன் வேட்டை விமானங்கள் எழுந்தன. பிரிட்டிஷார் தாங்கள் வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கை, ஜப்பானியர் உண்மையில் இழந்த ஏழு விமானங்களைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஜப்பானியரும் தங்கள் பங்குக்கு அதே அளவு கூட்டித்தான் சொன்னார்கள். வானில் ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூவரும் தம் கணக்கில் எழுதுவார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இழந்தவன் எழுதிய கணக்கு கையில் இல்லாமல் எந்த வான்போரையும் எழுத முடியாது.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9-ல், திருகோணமலையும் சீனக்குடா விமானதளமும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் மூழ்கியது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. கப்பல் சாய்ந்து புகையும் காட்சியை ஜப்பானிய விமானம் ஒன்றிலிருந்து படம் பிடித்தார்கள். அந்தப் படம் பிழைத்திருக்கிறது. படங்கள் பிழைக்கும் வழிகளே விசித்திரமானவை. பேர்ள் ஹார்பரை நோக்கி விமானங்கள் கிளம்பும் காட்சிகள் கொண்ட ஒரு ஃபிலிம், 1943-ல் அலாஸ்கா பக்கத்து அட்டு என்ற தீவைப் பிடித்த அமெரிக்கர்களின் கையில் சிக்கியது. டோக்கியோவில் இருந்திருந்தால் எரிந்திருக்கும்.

ஒரு புகைப்படத்தில் ஆராய்ச்சியாளர் தேடுவது அழகை அல்ல. வால் பகுதியில் எழுதிய எண், உடலில் எழுதிய குறி எழுத்து, மூக்கின் அருகே வரைந்த சின்னம், பின்னால் தெரியும் கொட்டகையின் கூரை. ஓர் எண் தெளிவாகத் தெரிந்தால் அந்த விமானத்தின் பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் பிடிபடும். உளவுக்காக உயரத்திலிருந்து எடுத்த படங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. எடின்பரோவில் உள்ள வான்படக் காப்பகத்தில் கோடிக்கணக்கில் அவை இருக்கின்றன. வெடிக்காத குண்டு எங்கே புதைந்திருக்கும் என்று அறிய, ஜெர்மனியில் கட்டடம் எழுப்புவதற்கு முன் இன்றும் போர்க்காலத்து வான்படங்களைப் பார்க்கிறார்கள்.

அரசுக் காப்பகங்கள் மட்டும் போதாது. பிரிட்டிஷ் விமானப்படையில் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு லாக்புக் உண்டு; ஒவ்வொரு பறப்பையும் கைப்பட எழுத வேண்டும். போருக்குப் பின் உரியவர் கேட்டு வாங்காதவற்றில் மாதிரிக்குச் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை 1960 வாக்கில் அழித்துவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை பேரன் பேத்திகளின் வீடுகளில் இருப்பவை.

நம் நாட்டிலும் நிலைமை மேலானது என்று சொல்வதற்கில்லை. ராணுவ ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் வல்லுநர்கள் மதிப்பிட்டு தேசிய ஆவணக்காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கொள்கையை 2021 ஜூனில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. நல்ல முடிவு, மிகத் தாமதமான முடிவு. 1965-லும் 1971-லும் நடந்த போர்களில் பறந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள்.

மீண்டும் 1942-க்கு வருவோம். கொழும்பில் குண்டு விழுந்த மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னை பாதி காலியானது. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் சோழவரம், சூலூர், உளுந்தூர்பேட்டை, அரக்கோணம், செட்டிநாடு என விமானதளங்கள் இயங்கின. செங்குன்றம் ஏரியில் காட்டலினா கடல்விமானங்கள் இறங்கின. யாழ்ப்பாணத்துப் பலாலியின் ஓடுதளமும் அப்போது போட்டதுதான். அங்கெல்லாம் மண் சுமந்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், எஞ்சின் பழுது பார்த்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அப்படி வேலை செய்தவராக இருந்தால், பரணில் இருக்கும் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். சீருடையில் நிற்கும் படம், பின்னால் ஓர் இறக்கை, வேலைச் சான்றிதழ், கூலிச் சீட்டு, எது கிடைத்தாலும் சரி. ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். படத்தின் பின்பக்க எழுத்தை அழிக்காதீர்கள். இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். படத்தில் இருப்பவர் பெயரை வீட்டில் மூத்தவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன; ஒரு பிரதியாவது அங்கே போய்ச் சேரட்டும். பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

(தொடரும்)