சேர்வு இடாப்பில் ஒரு மலையக வரலாறு

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் அதிபராக இருந்தேன். அலுவலக அலுமாரியில் நான் அதிகம் புரட்டியது சேர்வு இடாப்பைத்தான். மழைக்கால ஈரத்தில் தாள்கள் உப்பியிருக்கும். சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், டிவிஷன் என்று ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் விலகிய காரணம். பழைய பக்கங்களில் அந்தக் கட்டத்தில் ‘இந்தியா’ என்றே வரிவரியாக எழுதியிருக்கும். மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்ற 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நான் அந்தக் கட்டங்களில்தான் படித்தேன்.

தொழிலாளரின் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. அதனால் பள்ளிக்கூடமும் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1977 முதல்தான் அரசாங்கம் இப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

பிறப்பத்தாட்சி இல்லாத பலர் வயதை நிரூபிக்க எங்களிடம்தான் வந்தார்கள். இடாப்பில் வரி இருந்தால் விடுகைப் பத்திரம் கிடைக்கும்; அதை வைத்துப் பிறப்பைக் காலம் கடந்தாவது பதியலாம், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வரிக்காகக் கொழுந்து மலையை விட்டு இறங்கிவந்து அரைப்பேரை (அரைநாள் சம்பளத்தை) இழந்த தாய்மாரை எனக்குத் தெரியும்.

இன்று கல்வி அமைச்சின் ‘நெமிஸ்’ தகவல் முறைமையில் பாடசாலை மாணவர் விவரங்கள் இணையத்தில் ஏறுகின்றன. இதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் பிறப்புப் பதிவாளர் சிங்களத்தில் எழுதிய பெயர் ஒருவிதம், இடாப்பில் தமிழில் இருப்பது இன்னொருவிதம், ஆங்கிலத்தில் தட்டச்சாவது மூன்றாவது விதம். அந்தப் பிழை பரீட்சைச் சான்றிதழ்வரை பிள்ளையோடு போகும்.

ஆகவே, பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெயரைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி சொன்ன பிறகே பதியவேண்டும். அந்த நாளுக்கு அவர்களின் சம்பளம் வெட்டப்படக் கூடாது. பழைய இடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வலயக் கல்விப் பணிமனையில் சேமிக்கவேண்டும். குடியுரிமை மறுக்கப்பட்ட காலத்திலும் எங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிவைத்த ஆவணங்கள் அவை. தாள் மக்கிப்போகுமுன் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.