அறுபது நாள் எல்லை: அமெரிக்கத் தாய்மாரும் அரசு மருத்துவக் காப்புறுதியும்

நலத்திட்டம் ஒன்று யாரைக் காக்க எழுந்தது என்பதை அதன் கால எல்லையே பெரும்பாலும் உணர்த்திவிடும். அமெரிக்காவின் மெடிக்கெய்டு திட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்கிறோம்.

வறியோர்க்கென 1965இல் தோன்றிய இக்காப்புறுதி, 1980களில் இயற்றப்பட்ட சட்டங்களால் கருவுற்ற பெண்கள் பலருக்கும் விரிவுற்றது. ஆயினும், கருவுற்றமையால் மட்டுமே தகுதி பெற்ற தாய்க்கு அது மகப்பேற்றுக்குப் பின் ஏறத்தாழ 60 நாட்களே நீடித்தது. அவள் ஈன்ற குழந்தைக்கோ ஓராண்டு கிட்டியது. சட்டம் காத்தது கருவையே, பெண்ணையன்று எனலாம்.

இவ்வேறுபாடு உயிர்களைப் பாதித்த ஒன்றாகும். 2017 முதல் 2019 வரை 36 மாநிலங்களில் ஆராயப்பட்ட மகப்பேறு சார்ந்த மரணங்களுள் 53 விழுக்காடு, பேற்றுக்குப் பின் ஏழாம் நாள் முதல் ஓராண்டுக்குள் நிகழ்ந்தவை. மனநலக் குறைபாடுகளே அம்மரணங்களின் முதன்மைக் காரணமாக இருந்தன. ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தவிர்த்திருக்கக் கூடியவை என்றும் கண்டறியப்பட்டது.

2021ஆம் ஆண்டுச் சட்டம், காப்புறுதியை 12 மாதங்களுக்கு நீட்டிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு வழங்கியது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அவ்வுரிமை, அவ்வாண்டு இறுதியில் நிலையானதாக்கப்பட்டது. எனினும், அது மாநிலங்களின் விருப்பத்திற்கே விடப்பட்டது. குழந்தைக்கு 1980களிலேயே உறுதியான ஓராண்டு, தாய்க்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தும் விருப்பமாகவே வந்தது என்பது நாம் கருதத்தக்கது.