கல்லில் பதிந்த சாட்சி

அக்கரப்பத்தனைப் பாறைகளில் நாம் சிப்பி தேடினால் கிடைக்காது. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறைகள் அவை. ஆயின், மலையகத் தமிழரின் முன்னோர் பலர் விட்டுவந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், அரியலூர் மண்ணில், கல்லாகிப்போன சிப்பிகள் குவிந்துள்ளன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் பரந்திருந்தது. மடிந்த உயிர்களின் ஓடுகள் சேற்றில் புதைந்து இறுகின, கடல் பின்வாங்கியது. 1860களில் பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா முதலிய நிலநூலார் அவற்றை ஆராய்ந்தனர். பிரளயக் கதை இங்கு வேண்டியதில்லை.

கடல் இருந்ததற்குச் சிப்பியே சான்று. மனிதருக்கோ? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குப் பத்திரம் கேட்டு, தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. அநீதி முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம். தேயிலைத் தூரடியில் புதைந்த எலும்புகள் சாட்சியல்லவா?