காவலர் முன் வாக்குமூலம்: ஒரு சட்டப் பிரிவின் வரலாறு

நம் ஒரகடத்திலிருந்து வடக்கே செல்லும் சாலை ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து கிழக்கே சென்றால் பூந்தமல்லி. 1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் இரவு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையானது முதலில் சொன்ன ஊரில். அக்கொலை வழக்கின் தனி நீதிமன்றம் அமைந்தது இரண்டாவது ஊரில். இன்று இச்சாலைகளில் கார்த் தொழிற்சாலைக்கும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றில் ஏறிச் செல்லும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அந்நிகழ்ச்சிக்குப் பின் பிறந்தவர்கள். நினைவிடத்தைக் கண்டிருப்பார்கள், வழக்கின் கதையை அறியார்கள்.

அவ்வழக்கின் முழு வரலாற்றையும் எழுதுவது நம் நோக்கம் அன்று. பயங்கரவாதத்தை ஒடுக்கவென்று இயற்றப்பட்ட சட்டங்கள் குடிமக்களின் உரிமைகளில் எதைத் தொட்டன என்பதை ஒரே ஒரு விதியைப் பற்றிக்கொண்டு காண முயல்கிறோம். காவல்துறை அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கக் கூடாது என்பதே அவ்விதி. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு. சேரியில் பிறந்தவனுக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. ஊரில் தேங்காய் களவு போனாலும் ஆடு காணாமற் போனாலும் முதலில் யாரை அழைத்துச் சென்றார்கள், எப்படி ‘ஒப்புக்கொள்ள’ வைத்தார்கள் என்பதை நம் பாட்டன்மார் நூல் படித்து அறியவில்லை.

இவ்விதி வெள்ளைக்காரன் மனமுவந்து அளித்த கொடை என்று எண்ணுவோர் உளர். அது பிறந்த கதை நம் சென்னை மாகாணத்துக் கதையாகும். நிலவரி வசூலிக்கக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854-இல் இலண்டன் பாராளுமன்றத்தில் எழுந்தது. அதன்மேல் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. 1855-இல் அறிக்கை தந்தது. ஏறத்தாழ 2,000 முறையீடுகள் அக்குழுவை எட்டின. ரயில் வண்டி கூட ஓடாத அந்நாளில் மக்கள் நூற்றுக்கணக்கில் நேரில் வந்து சாட்சியம் சொன்னார்கள். கிட்டி, அண்ணாந்தாள் என்னும் நம் சொற்கள் இரண்டும் ஆங்கில எழுத்தில் அவ்வறிக்கையில் ஏறின. கிட்டி என்பது விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி அப்படியே விட்டுவிடுவது. வரி வசூலுக்குப் பயன்பட்ட முறைகளே களவு வழக்கில் ஒப்புதல் வாங்கவும் பயன்பட்டன. அக்காலத்தில் வருவாய் அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே தாசில்தார் கையில் இருந்தமையால் இரண்டிற்கும் ஆட்கள் ஒருவரே. (காரல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதினார் என்பது பலரும் அறியாத செய்தி.) பட்டா பெற்ற குடியானவனுக்கே இக்கதி என்றால், அவனுடைய நிலத்தில் பண்ணையாளாய்க் கிடந்த நம் முன்னோரின் கதியை எந்த அறிக்கையிலும் தேட வேண்டுவதில்லை.

1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீசாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்று விதித்தது. 1872-இல் அது சாட்சியச் சட்டத்துள் சென்று நிலைபெற்றது. தம் போலீசாரை நம்ப முடியாது என்று அந்நிய அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது என்பதே இதன் பொருள். அடித்தல் இதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் அடித்து வாங்கியதை நீதிமன்றத்தில் விற்க முடியாமற் போயிற்று. 27-ஆம் பிரிவு என்னும் பின்வாசல் ஒன்று உண்டு. ஒப்புதலின் பேரில் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அவ்வளவு பகுதி மட்டும் சாட்சியமாகும். அப்பின்வாசல் வழியே எத்தனை கத்திகள் ‘கண்டெடுக்கப்பட்டன’ என்பது வேறு கதை.

விடுதலைக்குப் பின் அரசியல் சட்டம் இதற்கு மேலும் வலுவூட்டியது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றது 20-ஆம் விதி. 1949 செப்டம்பர் 15-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் ஒரு புதிய விதியைக் கொண்டு வந்தார். இன்று அது 22-ஆம் விதியாக விளங்குகிறது. கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்த வேண்டும். உயிருக்கும் உரிமைக்கும் உரிய 21-ஆம் விதியைச் சபை குறுக்கிவிட்டது என்ற மனக்குறை நிலவியபோது, இழந்ததில் ஒரு பகுதியையேனும் மீட்கவே அவர் இதனைக் கொணர்ந்தார். அதே விதியின் பிற்பகுதி விசாரணையின்றிக் காவலில் வைக்கும் தடுப்புக் காவலுக்கும் இடம் தந்தது என்பதனையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

113 ஆண்டுகள் நின்ற அந்த வேலியைப் பிடுங்கத் தொடங்கியது 1985-ஆம் ஆண்டு. பஞ்சாபில் வன்முறை கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் அவ்வாண்டு மே மாதத்தில் பிறந்தது. தடா என்பது அதன் செல்லப் பெயர். 1987-இல் மீண்டும் இயற்றப்பட்டபோது அதில் 15-ஆம் பிரிவு நுழைந்தது. காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி எழுதிக்கொண்ட ஒப்புதல் வாக்குமூலம் இனிச் சாட்சியமாகச் செல்லும். போலீஸ் காவல் 15 நாள் என்றிருந்தது 60 நாள் ஆயிற்று. உயர்நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு இல்லை; நேரே டில்லிக்குத்தான் போக வேண்டும். பிணை பெறுவது குதிரைக் கொம்பு. இந்நான்கையும் தனித்தனியே பார்த்தால் இவற்றின் கடுமை விளங்காது. 60 நாள் வெளியுலகம் காணாமல் வைத்திருந்து, அவ்வைத்திருப்போரே வாக்குமூலமும் எழுதிக்கொள்ளலாம் என்று சேர்த்துப் படித்தல் வேண்டும்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நாடாளுமன்றத் தொகுதி. நம் சமூகத்தவரான மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்கவே ராஜீவ் காந்தி அன்றிரவு அங்கு வந்தார். அவரோடு மாண்டவருள் பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் பலர், பொதுமக்களும் உண்டு. அக்கொலை ஒரு கொடுஞ்செயல். அதற்குப் பின்னால் சதி இருந்தது என்பதும் நீதிமன்றங்களில் நிலைநாட்டப்பட்டது. குற்றம் செய்தோர் தண்டனைக்குரியவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. யார் குற்றம் செய்தவர் என்பதைக் கண்டறிந்த முறை பற்றியதே நம் வினா.

சென்னையில் ‘மல்லிகை’ என்னும் இனிய பெயருடைய மாளிகையில் மையப் புலனாய்வுத் துறையின் சிறப்புக் குழு இயங்கியது. விசாரணைக்கு நிறுத்தப்பட்ட 26 பேரில் 17 பேரிடம் ஒப்புதல் வாக்குமூலங்கள் தடாவின்படி பதிவாயின. பூந்தமல்லியில் மூடிய கதவுக்குள் விசாரணை நடந்தது. 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பு வந்தது: 26 பேருக்கும் தூக்கு. ஒருவரும் தப்பவில்லை. சதியில் முக்கியப் பங்கு கொண்டவருக்கும், வீடு வாடகைக்கு அளித்தவருக்கும் ஒரே அளவுகோல். பழ. நெடுமாறன் தலைமையில் அமைந்த குழு ஊர் ஊராக நிதி திரட்டி மேல்முறையீட்டை நடத்திற்று.

1999 மே 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் கருத்தூன்றிப் படித்தல் நலம். நீதியரசர்கள் தாமஸ், வாத்வா, காத்ரி ஆகியோர் 19 பேரை விடுவித்தனர். எஞ்சிய எழுவரில் நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். அரசை அச்சுறுத்துவதோ மக்களிடையே திகில் பரப்புவதோ இக்கொலையின் நோக்கமன்று. ஆகவே இது தடாவின்படியான பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அப்படியானால் தடாவின் கீழ் எழுதிய வாக்குமூலங்கள்? அவை செல்லும் என்றது நீதிமன்றம். தடாக் குற்றத்தோடு சேர்த்துப் பிற குற்றங்களும் விசாரிக்கப்பட்டமையால், தடாக் குற்றம் விழுந்தாலும் வாக்குமூலம் விழாதாம். சாதாரணக் கொலை வழக்காக முதலிலேயே நடந்திருந்தால் அவ்வாக்குமூலங்களில் ஒரு வரிகூட நீதிமன்றத்தின் வாயிற்படி ஏறியிருக்க முடியாது. வீடு இடிந்த பின்னும் தூண் மட்டும் நின்றது. அந்தத் தூணில் தூக்குக் கயிறும் தொங்கியது.

அவ்வாக்குமூலங்களுள் ஒன்று பேரறிவாளனுடையது. 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் முக்கியக் குற்றச்சாட்டு. ஆகஸ்டில் அவ்வாக்குமூலத்தை எழுதிக்கொண்டவர் கண்காணிப்பாளர் தியாகராஜன். ஓய்வுபெற்ற பின்னர் 2013-இல் அவரே வெளிப்படையாகப் பேசினார். பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அதனைத் தாம் எழுதாமல் விட்டதாகவும் கூறினார்; பின்பு உச்சநீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் அளித்தார். எழுதப்படாத அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன? 25-ஆம் பிரிவை இயற்றியோர் அஞ்சியது அடியை மட்டும் அன்று. எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்பதையும் அஞ்சினர்.

தூக்குத் தண்டனை 2014-இல் ஆயுளாகக் குறைந்தது. கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடந்ததே காரணம். 2018-இல் மாநில அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் அது உறங்கியது. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. தாயார் அற்புதம்மாள் ஏறி இறங்காத படிகள் இல்லை. மற்ற அறுவரும் நவம்பர் 11-இல் விடுதலையாயினர். அவருள் சாந்தன், இலங்கைக்குத் திரும்ப இயலாமல் திருச்சிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, 2024 பிப்ரவரி 28-இல் சென்னை மருத்துவமனையில் காலமானார்.

இந்த 15-ஆம் பிரிவு செல்லுமா என்ற வினா 1994-இலேயே உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு முன் வந்தது. கர்த்தார் சிங் வழக்கு என்பது அதன் பெயர். மூவர் செல்லும் என்றனர். செல்லாது என்று மாறுபட்ட இருவருள் ஒருவர் நீதியரசர் கே. ராமசுவாமி, நம் வரதராஜனுக்கும் வங்காளத்து பி. சி. ரேக்கும் பின் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். அவர் பிறப்பே அவர் கருத்துக்குக் காரணம் என்று நாம் வாதிட மாட்டோம். ஆயினும் இச்செய்தி நம் மலரில் பதிவாக வேண்டியது.

தடா 1995 மே மாதத்தில் காலாவதியாயிற்று. மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா அதனைப் புதுப்பிக்க வேண்டாமென நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதற்குள் நாடு முழுவதும் 76,000-க்கு மேற்பட்டோர் அதன்கீழ் கைதாகியிருந்தனர். தண்டனை பெற்றோர் நூற்றுக்கு இருவரும் இல்லை. பஞ்சாபுக்கென்று பிறந்த சட்டம் குஜராத்தில் பல்லாயிரவர் மேல் பாய்ந்தது. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மாதேசுவரன் மலைப் பகுதியில் பிடித்த ஏழை மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் தடாவின்கீழ் மைசூர்ச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். பெரும்பாலோர் 2001-இல் குற்றமற்றவர் என விடப்பட்டனர். பின்னர் மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்கச் செய்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. இங்கிலாந்தில் 1974-இல் பர்மிங்காம் நகர மதுக்கடைகளில் குண்டு வெடித்ததும் பயங்கரவாதத் தடைச் சட்டம் சில நாட்களில் நிறைவேறியது. அதே குண்டுகளுக்காக ஐரிஷ்காரர் அறுவர் ஆயுள் தண்டனை பெற்றனர். போலீசாரிடம் அளித்த ஒப்புதல் அதற்கு ஒரு பெரும் ஆதாரம். 16 ஆண்டுகள் கழித்து அவர்கள் குற்றமற்றவர்கள் என்று வெளிவந்த நாள் 1991 மார்ச் 14. ஸ்ரீபெரும்புதூர் நிகழ்ச்சிக்கு இரண்டு திங்கள் முன்பு. இலங்கையில் 1979-இல் தற்காலிகமென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் போலீஸ் சூப்பிரண்டு எழுதும் வாக்குமூலத்தையே சாட்சியமாக்கியது. அங்கே அதனால் சிறைப்பட்ட தமிழர் கதையை எழுதினால் இம்மலர் முழுவதும் போதாது.

2002-இல் பொடா வந்தபோது வாக்குமூலப் பிரிவும் உடன் வந்தது. 48 மணி நேரத்தில் மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்த வேண்டும் என்ற காப்பு சேர்ந்திருந்தது. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ அதன்கீழ் 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். 2004-இல் பொடா நீங்கியது. ஆயின் அதன் பல பிரிவுகள் 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துள், அதாவது ஊபாவுள், குடியேறின. ஊபாவில் வாக்குமூலப் பிரிவு இல்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் திட்டமிட்ட குற்றங்களுக்கான தனிச் சட்டங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊபாவின் வலிமை வேறிடத்தில்: 2008-இல் சேர்ந்த பிணை மறுப்புப் பிரிவு. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே பிணை கூடாது. ஒப்புக்கொள்ளவே வேண்டாம், உள்ளேயே இரு என்பது அதன் நடைமுறைப் பொருள். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடியினரிடையே உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று, விசாரணை தொடங்கு முன்பே காவலிலிருந்தபடி மாண்டார். அதே பீமா கோரேகான் வழக்கில் அறிஞர் ஆனந்த் தெல்தும்டே சிறைப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 14, பாபாசாகேப் பிறந்த நாள். பிணையில் வெளிவந்த நாள் 2022 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய மூன்று குற்றவியல் சட்டங்களின் இடத்தில் புதிய மூன்று நடப்பில் உள்ளன. பாரதிய சாட்சிய அதிநியத்தின் 23-ஆம் பிரிவு பழைய 25-ஆம் பிரிவைக் காத்து வைத்திருக்கிறது. இதனை நம் பிள்ளைகள் எண்ணோடு மனத்தில் இருத்துக. பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவோ பயங்கரவாதச் செயலை முதன்முறையாகப் பொதுத் தண்டனைச் சட்டத்துள் கொண்டு வந்திருக்கிறது. ஒருவர் மேல் இப்பிரிவின்படி வழக்குப் பதிவதா, ஊபாவின்படி பதிவதா என்பதை முடிவு செய்பவர் காவல் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி.