கிளட்ச் மிதியை ஒழித்த கதை

இப்போதெல்லாம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கும் கார்களில் பாதிக்கு இடது காலுக்கு வேலை இல்லை. பேரப்பிள்ளைகள் 'ஆட்டோமேட்டிக்' என்கிறார்கள். எங்கள் பள்ளி நாட்களில் கியர் பெட்டிக்கு 'புவாத் தெ வித்தேஸ்' என்று பெயர், அதாவது வேகங்களின் பெட்டி. கிளட்சுக்கு 'அம்பிரயாழ்'. அரசு அலுவலகத்தில் கோப்பு தள்டிய ஒரு எழுத்தருக்கு இந்தப் பெட்டிக்குள் என்ன வேலை என்று கேட்பீர்கள். ரோமன் ரோலான் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி வந்த வியாதி இது. ஓய்வு பெற்ற பிறகு முற்றிவிட்டது.

கதை பிரான்சில் தொடங்குகிறது. 1890களில் பனார்–லெவாசோர் காருக்கு எமில் லெவாசோர் வைத்த கியர் பெட்டி, பல்சக்கரங்களைத் தள்ளி ஒன்றோடொன்று மோதவைக்கும் முரட்டுச் சாமான். "முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது" என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். அந்த முரட்டுத்தனத்தைப் போக்க ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் ஒரு வழி கண்டார். அவர் யோசித்தது கப்பலுக்கு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் திரவம். இரும்பும் இரும்பும் தொடாமலே சுழற்சி கைமாறிவிடும்.

இதைக் காரில் வைக்க ஆசைப்பட்டவர்களில் ஒருவர் திமித்ரி சான்சோ தெ லாவோ. பெயர் பிரெஞ்சு, பிறந்தது ஸ்பெயினில், வளர்ந்தது பிரேசிலில். 1910 ஜனவரியில் சாவோ பாவ்லோ அருகே ஒசாஸ்கோவில் தானே கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டவர். இரும்புக் குழாய்களைச் சுழற்றி வார்க்கும் முறையும் அவருடையதே. பிறகு பாரிசுக்கு வந்து, தானாகவே வேகம் மாற்றும் ஒரு விசையாழிப் பெட்டியைச் செய்தார். ஆந்த்ரே சித்ரோயேன் அதில் மயங்கிப்போனார். முன் சக்கரங்களால் இழுக்கப்படும் தன் புதிய காரான 'திராக்சியோன் அவான்' இந்தப் பெட்டியோடுதான் வெளிவர வேண்டும் என்று முடிவெடுத்தார்.

1934 ஏப்ரலில் கார் அறிமுகம். ஆனால் சோதனை ஓட்டங்களில் பெட்டிக்குள் எண்ணெய் கொதித்தது. மேடு ஏறினால் இழுவை போதவில்லை. எஞ்சின் தந்த சக்தியில் பெரும் பங்கு சூடாகிக் கரைந்தது. கடைசி நேரத்தில் தானியங்கிப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, சில வாரங்களில் கையால் மாற்றும் மூன்று வேகப் பெட்டி ஒன்றைப் பொறியாளர்கள் வரைந்து முடித்தார்கள். அவசரத்தில் பிறந்த அந்த மூன்று வேகம் 1957இல் கார் உற்பத்தி நிற்கும்வரை தொடர்ந்தது. சித்ரோயேனுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. பணமெல்லாம் புதுக் காரிலும் தொழிற்சாலையிலும் போய், 1934 முடிவதற்குள் நிறுவனம் நொடித்து மிஷ்லேன் கைக்குப் போனது. 1935 ஜூலையில் அவர் இறந்தார். பெட்டி ஒன்றே அவரைக் கவிழ்த்தது என்று நான் சொல்லமாட்டேன். கடன்காரர்கள் கதவைத் தட்டும் நேரத்தில் எண்ணெய் கொதிக்கும் பெட்டியும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஜெயித்தது அமெரிக்கா. ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்சன் குழு செய்த 'ஹைட்ரா–மேட்டிக்', 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் வந்தது. கூடுதல் விலை 57 டாலர். திரவ இணைப்பு ஒன்று, அதன் பின்னால் கிரகப் பல்சக்கரத் தொகுதிகள், அவற்றைப் பிடிக்கவும் விடவும் பட்டைகளும் கிளட்சுகளும். போர்க்காலத்தில் அமெரிக்க 'ஸ்டூவர்ட்' எம்5 டாங்கியில் இரண்டு கடிலாக் எஞ்சின்களோடு இரண்டு ஹைட்ரா–மேட்டிக்குகளும் ஏறின. அந்த அடியைத் தாங்கிய பெட்டியைப் பிறகு யார் சந்தேகிப்பார்கள்?

ஆனால் அதற்கு ஒரு குறை. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். முன் தொகுதி, பின் தொகுதி என இரண்டு உண்டு. முதல் வேகத்தில் இரண்டுமே குறைத்துச் சுழற்றும். இரண்டாவதில் முன் தொகுதி நேரடி, பின் தொகுதி குறைப்பு. மூன்றாவதில் தலைகீழ்: முன் தொகுதி குறைப்புக்குத் திரும்ப வேண்டும், பின் தொகுதி நேரடிக்குப் போக வேண்டும். நான்காவதில் இரண்டும் நேரடி. அப்படியானால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரே கணத்தில் இரண்டு பிடிகள் விட்டு, வேறு இரண்டு பிடிகள் பற்ற வேண்டும். ஒன்று சற்று முந்தினால் வண்டி குலுங்கும். பிந்தினால் எஞ்சின் வீணாய் உறுமும். அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அடுத்த மேசைக்காரர் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும்.

இந்தக் குலுக்கலைப் போக்க 1956இல் முன் கிளட்சின் இடத்தில் இன்னொரு சிறிய திரவ இணைப்பையே வைத்தார்கள். அதில் எண்ணெயை நிரப்பினால் பற்றும், காலி செய்தால் விடும். பட்டுப் போல மாறியது, பெட்டியும் சிக்கலானது. இதற்குள் ப்யூயிக்கின் 'டைனாஃப்ளோ', வேகமே மாற்றாமல் வழுக்கிக்கொண்டு ஓடும் பெட்டி, வாங்குபவர்களின் உடம்பைச் சொகுசுக்குப் பழக்கிவிட்டது. கம்பெனிகளுக்கு விற்பனையறையில் கிடைக்கும் முதல் சவாரிதான் முக்கியம். அதில் முதுகு குலுங்கக் கூடாது.

குலுங்கினால் என்ன என்று கேட்டவர்கள் கலிபோர்னியாவின் மெக்கானிக்குகள். பெட்டியின் மூளை 'வால்வ் பாடி' எனும் உலோகத் தட்டு, எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டியது போலக் கால்வாய்கள். வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஒரு எண்ணெய் அழுத்தம், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கு ஏற்ப இன்னொன்று. இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளில் மல்லுக்கட்டும். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் அடுத்த கியர். கிளட்ச் மெதுவாகப் பற்றட்டும் என்று கம்பெனி சிறு துளை வழியாக எண்ணெயை அனுப்பும், ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் ஒன்றால் அழுத்தத்தை மட்டுப்படுத்தும். பயணிக்குச் சொகுசு. ஆனால் அந்த நேரம் முழுக்கக் கிளட்ச் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து சூடாகின்றன. அதாவது பயணி உணராத குலுக்கலுக்குத் தகடுகள் விலை கொடுக்கின்றன.

1950களில் லாஸ் ஏஞ்சலிஸில் பாப் ஸ்பாரும் மோர்ட் ஷூமனும் நடத்திய பி அண்ட் எம் பட்டறை, ஹைட்ரா–மேட்டிக்கைப் பந்தயக் கார்களுக்காகத் திருத்தியது. 1960களில் கில் யங்கர் 'ஷிஃப்ட் கிட்' என்ற பொட்டலத்தைப் பிரபலமாக்கினார்: சில ஸ்பிரிங்குகள், சில வால்வுகள், எந்தத் துளையை எவ்வளவு பெரிதாக்குவது என்ற குறிப்பு. பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டாம். எண்ணெய் சீக்கிரம் போய்ச் சேரும், தகடு டக்கென்று பற்றும், உராயும் நேரம் குறையும், சூடும் குறையும். துளையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினாலோ, ஒவ்வொரு மாற்றமும் சுத்தியல் அடி. அச்சும் இணைப்புகளும் தாங்காது. கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

பராமரிப்பும் இதே கணக்குதான். அடித்தட்டைக் கழற்றி எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவது. பழைய பெட்டிகளில் பட்டையின் திருகைச் சொன்ன அளவுக்கு இறுக்கி, சொன்ன சுற்றுக்குத் தளர்த்திப் பூட்டுவது. எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகிக் கருகல் வாடை வந்தால் தகடு எரிந்திருக்கிறது. இப்போது சில நிறுவனங்கள் 'வாழ்நாள் எண்ணெய்' என்று எழுதிவிடுகின்றன. யாருடைய வாழ்நாள் என்று எழுதுவதில்லை.

அந்த எண்ணெயில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? தகடு உறுத்தாமல் பற்றுவதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் அவ்வளவு உகந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டம் அதைத் தடுத்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுக்காகத் திண்டாடினார்கள். கடலில் ஒரு பிராணியைக் காக்கப் போட்ட சட்டம் கியர் பெட்டிவரை வந்து நின்றது.

சித்ரோயேனுக்கு மீண்டும் வருகிறேன். 1955 அக்டோபர் பாரிஸ் கண்காட்சியில் வந்த 'டிஎஸ்' காரிலும் கிளட்ச் மிதி இல்லை. ஆனால் உள்ளே இருந்தது சாதாரணக் கியர் பெட்டிதான். கிளட்சைப் பிரித்து, கியரைத் தள்ளி, மறுபடி சேர்க்கும் வேலையை எண்ணெய் அழுத்தம் செய்தது. எந்தக் கியர் என்பதை மட்டும் ஓட்டுபவர் ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த மெல்லிய கோலால் சொல்வார். மார்செய்யில் கேரேஜில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஊருக்கு வரும்போதெல்லாம் இதைப் பற்றிப் பேசுவார். 1966க்குப் பிறகு சிவப்புத் திரவத்தை விட்டுப் பச்சைக்கு மாறினார்களாம். பச்சை வண்டியில் சிவப்பை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் எல்லாம் போச்சு, கார் தரையில் உட்கார்ந்துவிடும் என்பார். அதனால்தான் பாகங்களுக்கே பச்சை வர்ணம் அடித்தார்கள்.

2014இல் மாருதி செலேரியோவில் வந்து நம் ஊரில் மலிவாகப் பரவிய ஏ.எம்.டி. பெட்டியும் இந்தச் சாதிதான். சாதாரணக் கியர் பெட்டி. கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் எண்ணெய் அழுத்தத்தின் வேலை. கட்டளை இடுவது மட்டும் கணினி. கியர் மாறும்போது தலை முன்னால் அசைகிறது என்று இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். மாறும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுங்கள், அசையாது.