ஜூலை 3: எலும்புகள் ஊர் சேர்ந்த நாள்

ஒரு புனிதருக்குக் கிறித்தவ நாட்காட்டி ஒதுக்கும் நாள் பெரும்பாலும் அவர் இறந்த நாள்தான். மண்ணில் கண்மூடிய நாளே விண்ணில் பிறந்த நாள் என்பது தொடக்ககாலச் சபையின் கணக்கு. அப்போஸ்தலர் தோமையாரின் (தோமாவின்) ஜூலை 3 அந்தக் கணக்கில் அடங்காது. அவர் பிறந்த நாளும் அல்ல, ஈட்டி பாய்ந்து இறந்த நாளும் அல்ல. அவருடைய எலும்புகள் எதெஸ்ஸா நகரத்துக்கு வந்து சேர்ந்த நாளாகச் சிரியாக் மரபு அதைக் கொண்டாடுகிறது. கேரளத்துச் சிரியாக் மரபுச் சபைகள் அந்நாளைத் 'துக்ரானா' என்கின்றன. நினைவு என்று பொருள்.

பழைய சிரியாக் நாட்காட்டி ஒன்றில் அந்தத் தேதிக்கு நேரே உள்ள குறிப்பு மிகச் சிறியது. இந்தியாவில் ஈட்டியால் குத்துண்டவர் தோமா என்றும், அவர் உடல் ஊர்ஹாயில் இருக்கிறது என்றும், அதைக் கொண்டுவந்தவர் கபின் என்னும் வணிகர் என்றும் அது சொல்லி முடித்துவிடுகிறது. ஊர்ஹாய் என்பது எதெஸ்ஸாவின் சிரியாக் பெயர். இன்று துருக்கியில் சான்லிஊர்ஃபா என்று வழங்கும் ஊர். ஆயர்களும் மறைசாட்சிகளும் நிறைந்த ஒரு நாட்காட்டியில் ஒரு வணிகரின் பெயர் ஏறியிருக்கிறது. எந்தத் துறையில் இறங்கினார், எந்தக் காற்றில் பாய் விரித்தார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. மிளகும் முத்தும் மேற்கே போன அதே கடல்வழியில், சரக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிறு பேழை போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எலும்புகள் இந்தியாவிலிருந்து கிளம்பிய கதையைச் சொல்லும் மிகப் பழைய நூல் 'தோமாவின் பணிகள்'. 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எதெஸ்ஸா வட்டாரத்தில் சிரியாக் மொழியில் எழுந்ததாக அறிஞர்கள் கருதும் நூல் அது. தோமாவைக் கொல்லச் சொன்ன மஸ்தாய் அரசனின் மகனை நெடுநாள் கழித்துப் பேய் பிடிக்கிறது. அப்போஸ்தலரின் எலும்பு ஒன்றை எடுத்து மகன்மேல் கட்டினால் குணமாகும் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். உள்ளே எலும்பு இல்லை. கிறித்தவச் சகோதரர்களில் ஒருவர் முன்பே அதை மேற்கே எடுத்துச் சென்றுவிட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளி அரசன் மகன்மேல் இடுகிறான், பிள்ளை பிழைக்கிறான்.

இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. எலும்பு போய்விட்டது, மண் இருக்கிறது, அந்த மண்ணே போதும் என்கிறது கதை. அவரைப் புதைத்த இடமாக மரபு காட்டும் மயிலாப்பூரின் பெயர் அந்நூலில் எங்கும் இல்லை. அரசனின் பெயரும் தமிழ்ப் பெயராகத் தோன்றவில்லை. தோமா இந்தக் கரைக்கு வந்தார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று எதையும் வரலாற்றறிஞரால் காட்ட முடியாது. இதை மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் என்னும் நம் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறை இருக்கும் சிற்றூரையும் சொல்கிறார். கிறித்தவரும் இசுலாமியரும் அங்கே யாத்திரை வந்தார்கள். தோமா இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரருக்குக் கொடுத்தார்கள். நூலில் மஸ்தாய் அள்ளிய மண்ணை, ஆயிரம் ஆண்டு கழித்து மக்கள் கையில் பார்க்கிறோம்.

எலும்புகளின் பயணத்தில் சான்றுகள் உறுதிப்படுவது எதெஸ்ஸாவில்தான். 363-இல் நிசிபிஸ் நகரம் பாரசீகர் கைக்குப் போனதும் அங்கிருந்து எதெஸ்ஸாவுக்கு வந்த சிரியாக் கவிஞர் எபிரேம், 373-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து பாடினார். அவருடைய பாடல் ஒன்றில் சாத்தான் புலம்புகிறான். தோமாவைக் கொல்லத்தான் இந்தியா வரை ஓடினேன், கொன்றும் முடித்தேன், அவனோ எனக்கு முன்னால் எதெஸ்ஸாவுக்கு வந்து நிற்கிறான், இனி எங்கே ஒளிவேன் என்பது அந்தப் புலம்பலின் சாரம். எலும்பைக் கொண்டுவந்த வணிகரையும் எபிரேம் வாழ்த்துகிறார். அதே நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண் மேற்கு ஐரோப்பாவிலிருந்து புனித நாடுகளுக்குப் பயணம் வந்தபோது எதெஸ்ஸாவிலும் தங்கித் தோமாவின் சன்னிதியில் வேண்டினார். 394 ஆகஸ்ட் 22 அன்று அப்போஸ்தலரின் பேழையை ஆயர் கூரஸ் காலத்தில் பெரிய கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்ததை எதெஸ்ஸாவின் நாளாகமம் பதிந்திருக்கிறது. செலூக்கிய ஆண்டுக் கணக்கில் அது 705.

புறப்பட்ட ஊரும் மறக்கப்படவில்லை. 6-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஆயர் தூர் நகரத்து கிரகோரி, நேரில் போய் வந்த தியோடோர் என்பவர் சொல்லக் கேட்டு, இந்தியாவில் தோமாவின் உடல் முதலில் கிடந்த இடத்தில் ஒரு மடமும் பெரிய கோயிலும் இருப்பதாக எழுதினார்.

நாட்காட்டிகள் பிரிந்தது தனிக்கதை. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் தோமாவுக்கு அக்டோபர் 6-ஐ வைத்தன. பழைய ஜூலியன் கணக்கை விடாத சபைகளில் அது இன்றைய அக்டோபர் 19 அன்று வருகிறது. பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறும் அவருடையதே. இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் தொட வரும் நாள் அது. ரோமைச் சபை 9-ஆம் நூற்றாண்டிலிருந்து டிசம்பர் 21-ஐக் கொண்டாடியது. 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அதை ஜூலை 3-க்கு மாற்றிக்கொண்டது; கபின் கரை சேர்த்த நாளுக்கே ரோமும் வந்து சேர்ந்தது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை இரண்டையும் விடவில்லை. ஜூலை 3-இல் துக்ரானா, டிசம்பர் 21-இல் இறப்பின் நினைவு.

1144-இல் துருக்கிய ஆட்சியாளர் செங்கி எதெஸ்ஸாவைப் பிடித்தார். அதன்பின் எலும்புகள் ஏஜியன் கடலின் கியோஸ் தீவில் தென்படுகின்றன. இடையில் யார் சுமந்தார், எவ்வழி போனார் என்பது இருட்டு. கபினைப் போன்ற ஒரு பெயர் அந்த வழிக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். 1258-இல் இத்தாலியின் அத்ரியாத்திக் கரையிலுள்ள ஒர்த்தோனா நகரத்துக் கப்பல்கள், லெயோனே அச்சயுவோலி தலைமையில் கியோசைத் தாக்கின. எலும்புகளையும், தோமாவின் உருவமும் பெயரும் கிரேக்க எழுத்தில் பொறித்த கல்லறைப் பலகையையும் தூக்கிக்கொண்டு செப்டம்பர் 6 அன்று ஊர் திரும்பினார்கள். தலையெலும்பு தங்களிடம் இருப்பதாகப் பத்மோஸ் தீவின் புனித யோவான் மடத்து ஆர்த்தடாக்ஸ் துறவிகள் சொல்கிறார்கள். ஒருவர் எலும்பு பல ஊர்களில் இருப்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஓர் எலும்புத் துணுக்கிலும் புனிதர் முழுமையாக இருக்கிறார் என்று நம்பியவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஒர்த்தோனாவிலும் அமைதி இல்லை. 1566-இல் ஒட்டோமான் கடற்படை ஊருக்குத் தீ வைத்தது; எலும்புகள் தப்பின. 1943 டிசம்பரில் கனடா நாட்டுப் படையும் ஜெர்மானியப் படையும் அந்தச் சிற்றூரின் தெருத்தெருவாக, வீடுவீடாகப் போரிட்டன. டிசம்பர் 21 அன்று பேராலயத்தை ஒட்டிய காவல் கோபுரத்தை ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்தபோது கோயிலின் பாதி சரிந்தது. அன்று ரோமை நாட்காட்டியில் தோமாவின் திருநாள். 1949-இல் கோயிலைக் கட்டி முடித்து மீண்டும் திறந்தார்கள். இன்றும் மே மாதத்து முதல் ஞாயிறுக்கு முன்தினம் அவ்வூரில் வெள்ளிச் சாவிகள் பவனி வருகின்றன. அந்தச் சாவிகளால் திறந்துதான் தோமாவின் வெள்ளிச் சிலையை மக்கள் பார்க்கலாம்.

மூன்றாவது ஒரு கிளை ஈராக்கில் இருக்கிறது. 1964-இல் மோசூல் நகரின் மார் தோமா கோயிலைப் பழுதுபார்த்தபோது சுவருக்குள்ளிருந்து விரல் எலும்புகள் கிடைத்தன. சிரியாக் ஆர்த்தடாக்ஸ் சபையின் கோயில் அது. 2014 ஜூனில் ஐஎஸ் படை மோசூலைப் பிடித்தபோது அந்த எலும்புகள் மார் மத்தாய் மலைமடத்துக்குப் போயின. 2023 ஜனவரியில் சொந்தக் கோயிலுக்குத் திரும்பின. எல்லாவற்றையும் விட்டு ஓடிய மக்கள், அந்த விரலெலும்புகளைப் பாதுகாப்பான மலைக்கு அனுப்ப மறக்கவில்லை.

இந்தியாவுக்கும் கொஞ்சம் திரும்பியது. 1953 டிசம்பரில் கர்தினால் திசெராந்த் ஒர்த்தோனாவிலிருந்து ஒரு கை எலும்பைக் கொடுங்கல்லூருக்கு அருகே அழீக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். 1964-இல் போப் ஆறாம் பவுல் மும்பை வந்தபோது நம் அஞ்சல்துறை வெளியிட்ட 15 பைசா தபால்தலையில் இருந்தது ஒர்த்தோனாவின் அந்த வெள்ளிச் சிலையின் முகம்.

மயிலாப்பூரில் எஞ்சியதைப் போர்த்துக்கீசியர் 1523-இல் தோண்டிப் பார்த்தார்கள். எலும்புகளும், ஓர் ஈட்டி முனையும், மண் நிறைந்த ஒரு பானையும் கிடைத்ததாக அவர்கள் எழுதிவைத்தார்கள். பலரும் எலும்பைப் பற்றி வாதாடினார்கள். எனக்கு அந்தப் பானைதான் முக்கியம். எலும்பைக் கேட்டு வந்தவருக்கு மண்ணைத் தரும் ஊர் என்று மஸ்தாய் கதை சொன்னது, அந்தப் பானைக்குள் இருந்தது. இப்போதுள்ள சாந்தோம் பேராலயம் 1890-களில் எழுந்தது. ஒரு சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும் அங்கே வணக்கத்துக்கு உள்ளன.

எதெஸ்ஸா சேர்ந்த நாளை எதெஸ்ஸா எழுதிவைத்தது. ஒர்த்தோனா சேர்ந்த நாளை ஒர்த்தோனா எழுதிவைத்தது. இங்கிருந்து கிளம்பிய நாளை யாரும் எழுதவில்லை. ஜூலை 3 அன்று சென்னையில் மணி அடிக்கும்போது, எங்கோ ஓர் ஊருக்கு வந்து சேர்ந்ததற்காகவே அடிக்கிறது. அடுத்த ஜூலை 3-இல் சாந்தோம் பக்கம் போனால், மேலே பூசை பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பேராலயத்தின் அடியிலுள்ள கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கிச் சற்று நேரம் உட்காருங்கள். இத்தனை ஊர் சுற்றிய எலும்புகள் புறப்பட்ட இடமாக மரபு காட்டுவது அதைத்தான்.